நம்பாமல் செய்த ஜெபம்

ஜனவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். நீ, அத்தான், பாப்பா மூவரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பாப்பாவுக்கு இருமல் விட்டதா? விழுந்த பல் முளைத்துவிட்டதா?

அறை கிடைத்துவிட்டது. நான்காவது மாடி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அத்தானிடம் சொல், விழுந்து விழுந்து சிரிப்பார்.

வேலையில் நாங்கள் மூன்று பேர். மேஸ்திரி நம்மைப் போலத்தான், தவறாமல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவர். வேலை செய்யும்போதும் பாட்டு முணுமுணுப்பார். இன்னொருவர் நாற்பதைத் தாண்டியவர். எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வதால் வக்கீல் என்று பெயராகிவிட்டது. உச்சியில் மோட்டார் அறையில் அவர், அடியில் லிஃப்ட் குழிக்குள் நான். நடுவில் அத்தனை மாடி இருட்டு. கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வோம். "மேல இருக்கிறவன் பேசறேன், கேக்குதா?" என்பார். மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிடும்.

முதல் நாளே சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொண்டேன். டப்பாவைத் திறக்குமுன் ஜெபம் பண்ணினேன். "என்னப்பா, சாப்பாடு சரியில்லன்னு புகாரா?" என்றார் வக்கீல்.

"நன்றி சொன்னேண்ணே."

"சரி, நீ சொன்னது அவருக்குக் கேட்டுச்சுன்னே வச்சுக்குவோம். அதே நேரத்துல எங்கயோ ஒருத்தன் பசியில கத்தறான். அதுவும் கேட்டிருக்கும். உனக்கு மட்டும் ஏன் டப்பா வந்துச்சு?"

மேஸ்திரி, "இவன்கிட்டப் பேச்சுக் கொடுக்காதே" என்று முடித்துவிட்டார். ஆனால் வக்கீல் கேலிக்குக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நீதானே அத்தனை பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறாய். அம்மா போனபின் எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் நீதான். பதில் எழுதி அனுப்பு, நான் அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

பாப்பாவுக்கு மாமாவின் முத்தம்.

உன் தம்பி


ஜனவரி 27

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் சுகம். பாப்பாவின் இருமல் போயே போய்விட்டது. பல் எட்டிப் பார்க்கிறது. மாமா எப்போது வருவார் என்று கேட்டுக் கேட்டு என் காதைத் தின்கிறாள். அத்தான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது.

உன் வக்கீலுக்குப் பதில்: டப்பா உனக்கு வந்தது நீ நல்லவன் என்பதற்காக அல்ல. பாதியை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுப்பதற்காக. ஆண்டவர் கொடுக்காமல் இல்லை, நாம் பகிராமல் இருக்கிறோம். பசித்தவன் கத்துவது அவருக்குக் கேட்கிறது. கேட்டுத்தான் உன் பக்கத்தில் அவனை உட்கார வைக்கிறார். இதைப் படித்துக் காட்டு, வழக்குத் தள்ளுபடி ஆகிவிடும்.

கேள்வி கேட்கிறவரைக் கண்டு பயப்படாதே. கேட்காதவர்களைத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. இன்னும் கேட்டால் எழுது. எனக்கும் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு அடித்து அடித்து மூளை துருப்பிடித்துக் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. குழிக்குள் இறங்குமுன் லிஃப்டை நிறுத்திவிட்டார்களா என்று இரண்டு தடவை பார்.

கிருபை உன்னோடிருப்பதாக.

உன் அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். மேஸ்திரி கை தட்டாத குறை. வக்கீல் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். பிறகு தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து என் டப்பாவில் வைத்தார். "உங்க அக்கா சாமர்த்தியசாலி. தோத்துட்டேன்னே வச்சுக்கோ" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவர் அங்கேயே விடவில்லை. "பசிக்கு இது சரி. நோய்க்கு? அதுல பாதியை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியுமா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி புகுந்துவிட்டார். "நோய் வந்தா நம்பிக் கேக்கணும். சந்தேகமில்லாம கேட்டா போயிடும். போகலைன்னா கேட்டவங்ககிட்டதான் குறை."

வக்கீல் எழுந்து போய்க் கை கழுவினார். டப்பாவில் மிச்சம் அப்படியே இருந்தது. சாயங்காலம்வரை மேலே இருந்து குரலே வரவில்லை, "நிறுத்து", "ஓட்டு" என்பதைத் தவிர.

மேஸ்திரி சொன்னது சரியா அக்கா? நம் ஆலயத்திலும் இதைக் கேட்டிருக்கிறேன். அப்போது தலையாட்டியிருக்கிறேன். வக்கீலின் முகத்தைப் பார்த்தபின் ஆட்ட முடியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று உன் பக்கத்து வீட்டு அக்கா இங்கே இருக்கும் தன் தம்பிக்கு எழுதியிருந்தாளாம், அவன் சொன்னான். இப்போது எப்படி?

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். உன் சுகம் எழுது.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, வேறொன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி குத்திய இடமெல்லாம் நீலமாகிவிட்டது, ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறோம். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

மேஸ்திரி சொன்னது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பு என்று அடித்துச் சொல்ல வேதத்தில் தேடினேன். இரண்டு பக்கத்துக்கும் கிடைக்கிறது. இயேசு தம் நண்பன் இறந்தபோது அழுதார் என்று இருக்கிறதல்லவா, அதைச் சொல். அதற்குமேல் இப்போது எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பாப்பாவுக்குக் காய்ச்சல்தான், வேறில்லை என்று படித்தபின்தான் மூச்சு வந்தது. அவளுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்து மூடும்.

நேற்று நடந்ததை உனக்கு எழுதியே ஆகவேண்டும். ஒரு பழைய அலுவலகக் கட்டடம். வக்கீலும் நானும் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று, மேஸ்திரியை மெல்ல ஓட்டச் சொல்லிக் கம்பி வடத்தைப் பார்த்துக்கொண்டே மேலே போனோம். நடுவில் மின்சாரம் போய்விட்டது. மேஸ்திரி ஏதோ கத்தினார், காத்திருக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. கூண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டோம். நீ எழுதியதை, இயேசு அழுதார் என்பதை, அப்போதுதான் சொன்னேன்.

வக்கீல் கம்பி வடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே சொன்னார். அவர் மனைவி நோயில் படுத்து இறந்துபோனாராம். அந்த அம்மா விசுவாசி. இவருக்கு ஒருநாளும் எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை.

"எனக்கு வராதுன்னு அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டா. எனக்காக ஒரு தடவை ஜெபம் பண்ணுங்களேன்னு. வராந்தாவுல போய் முட்டி போட்டேன். அவ சொல்லிக்கொடுத்த வார்த்தைய அப்படியே சொன்னேன். ஒண்ணையும் நம்பல. அடுத்த வாரம் போயிட்டா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் கிரீஸ்.

"நம்பாம பண்ற ஜெபம் எங்கப்பா போகும்?" என்றார். "பாதி வழியில நின்னுடுமா, நம்மள மாதிரி? இல்ல, தப்பான ஆள் கேட்டதால அவளுக்கே கெடுதலா முடிஞ்சிருக்குமா? உங்க அக்காகிட்ட கேளு. இது வாதம் இல்ல. எனக்குத் தெரியணும்."

அக்கா, இதற்கு நன்றாக யோசித்து எழுது. அவர் தினமும் தபாலுக்குக் காத்திருப்பார்.

உன் தம்பி


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன்னிடமிருந்து எழுத்தே இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

நேற்று அத்தானின் பணிமனைக்குப் போன் செய்தேன். பள்ளியில் மாணவர் சேர்க்கை வேலை, உனக்கு மூச்சுவிட நேரமில்லை, பாப்பா நன்றாக இருக்கிறாள் என்றார். அவர் குரல் சளிப்பிடித்தது போல் இருந்தது. வெந்நீர் குடிக்கச் சொல்.

வக்கீல் முன்பெல்லாம் "பதில் வந்துச்சா?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. நீ முன்னே எழுதிய இரண்டு கடிதத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே இந்தக் கேள்வியெல்லாம் உங்க அக்காவுக்கு எழுதாதே" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் உன்மேல் வருத்தம் போல.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி


ஜூன் 4

சகோதரிக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பி என்னை வக்கீல் என்று எழுதியிருப்பான். முகவரியை உறையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தேன். அவனுக்குத் தெரியாது. மன்னிக்கவும்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் மூன்று இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்த ஆண்டவர் இரண்டாவதில் அந்த இடங்களில் இல்லை. நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் வெகுகாலம் உட்கார்ந்தவன். அங்கிருந்து உறவினருக்கு இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி நல்ல பிள்ளை. எழுதியதை மட்டும் படிப்பான்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம். உங்கள் வீட்டில் இப்படி இருக்கும்போது அதை அனுப்ப வைத்ததற்கு வருந்துகிறேன்.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சாப்பிடுங்கள். டாக்டர் நடந்துகொண்டே பேசினால் நிறுத்தி உட்கார வைத்துக் கேளுங்கள். கணவரை ஒருநாள் வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லுங்கள். நம்பிக்கை போதவில்லை என்று யாராவது சொல்ல வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை. கடைசி நாட்களில் என் மனைவி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள், குணமாகாததற்கு.

நான் நினைத்தது தவறாக இருந்தால் இதைக் கிழித்துப் போடுங்கள். தவறாக இருக்கட்டும் என்றே விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியோடு வேலை செய்பவன்


ஜூன் 19

மதிப்புக்குரிய அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

பாப்பாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய். இந்த ஒரு வரியை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. முடி கொட்டிவிட்டது. "எனக்குத் தலை குளிக்கிற வேலை மிச்சம்மா" என்கிறாள். வாய்ப்புண்ணால் பேச்சுக் குறைந்துவிட்டது. டாக்டரை உட்கார வைத்துக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆலயத்திலிருந்து வருகிறார்கள். அன்பாகத்தான் வருகிறார்கள். உறுதியாக நம்பு, உள்ளே சந்தேகத்தை விடாதே என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். அவர்கள் போனபின் ஜெபிக்கிறேன். சொற்கள் தாமாக வருகின்றன, பழகிய சொற்கள். ஆள் காலி செய்துபோன வீட்டுக் கதவைத் தட்டுவது போல் இருக்கிறது. அவளோ, "நான் கேட்டேம்மா, சீக்கிரம் சரியாயிடும்" என்கிறாள். வகுப்பில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்.

உங்கள் கேள்வி வந்தபோது இந்த நிலையில் இருந்தேன். என் உள்ளத்தை யாரோ பார்த்துவிட்டது போல் பயந்துபோனேன். அதனால் பதில் எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு உங்களைப் பற்றி எல்லாம் தெரியும். உங்களிடம் இல்லாத நம்பிக்கையை அவர் கேட்டிருக்க மாட்டார். தமக்காக நீங்கள் முட்டி போடுவீர்களா என்று கேட்டார். போட்டீர்கள். அந்த ஜெபம் வானத்துக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. அவர் படுத்திருந்த பக்கத்து அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குக் கெடுதல் எதுவும் உங்களால் வரவில்லை. இதை மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

தம்பியிடம் சொல்லாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சகோதரி


ஜூலை 1

சகோதரிக்கு,

கடிதத்தை மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். கீழே இருந்து உங்கள் தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து மேலே ஓடி வந்தான். கண்ணில் தூசி என்றேன். நான் அவனிடம் சொன்ன முதல் பொய்.

நீங்கள் எழுதியதற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி தூங்கினேன்.

அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் குழந்தை இல்லை. நீங்கள் சொல்லாதவரை நான் சொல்ல மாட்டேன், இது என் வாக்கு. ஆனால் அவன் பொம்மை வாங்கி வைத்துக்கொண்டு லீவுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு முடியவில்லை.

இன்னொன்று. தினமும் வேலை தொடங்குமுன் மேலே தனியாக நின்று உங்கள் மகளுக்காகக் கேட்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாது. நம்பவில்லை. ஆனால் ஒருநாளும் விடவில்லை. உங்களிடம் சொன்னால் ஆறுதலாக இருக்குமா, கோபம் வருமா தெரியவில்லை. மறைக்கவும் பிடிக்கவில்லை.

சாப்பிடுங்கள்.

வக்கீல்


ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கே கை கூசுகிறது. அத்தான் சாப்பிடுகிறாரா?

அடக்கத்துக்கு அங்கே இருந்தபோது கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். இப்போது கேட்கிறேன். ஜூலையில் எனக்கு ஒரு அட்டை போட்டாய். எல்லோரும் நலம், பாப்பா உன்னைக் கேட்டாள் என்று எழுதியிருந்தாய். அதை எழுதும்போது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். ஏன் அக்கா? நான் உனக்கு யார்? அவளோடு பெட்டிக்குள் வைப்பதற்கா அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்?

அதைவிட, வக்கீலுக்குத் தெரிந்திருக்கிறது. உன் போன் அலுவலகத்துக்கு வந்ததும் என் பையைக் கட்டி வைத்தது அவர்தான். கூடவே பஸ் ஏறினார். வழியில் பாதித் தூரத்தில் சொன்னார், "எனக்கு முன்னாடியே தெரியும்பா" என்று. அவளை உயிரோடு பார்த்திருக்கக்கூடிய நாட்களையெல்லாம் நீங்கள் இருவரும் சேர்ந்து என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

அவரோடு நான் பேசுவதில்லை. குழியில் நிற்கிறேன், மேலே அவர். "நிறுத்து", "ஓட்டு." அவ்வளவுதான். மேஸ்திரி வந்து, கர்த்தர் கொடுத்ததை அவரே எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

தம்பி


செப்டம்பர் 30

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் அத்தான் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். சாப்பிடுகிறார். நானும் சாப்பிடுகிறேன்.

நீ கேட்டது நியாயம். பதில் சொல்லாமல் தப்பிக்க இத்தனை நாள் பார்த்தேன்.

உன்னிடம் சொன்னால் நீ ஜெபிப்பாய். என்னைப் போல் வாயால் அல்ல. அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கற்றாயே, அந்த மாதிரி முழுசாக நம்பிக் கேட்பாய். அதற்கும் இல்லை என்று வந்துவிட்டால் உனக்கு என்ன எழுதுவேன் என்று பயந்தேன். நம் வீட்டில் ஒருவனுடைய நம்பிக்கையாவது உடையாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது உனக்குச் செய்த நன்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. அவள் "மாமா எங்கம்மா?" என்று கேட்டபோதெல்லாம் லீவு கிடைக்கவில்லை என்றேன். அவள் நம்பினாள். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வக்கீல் அண்ணனைக் கோபிக்காதே. சொல்லிவிடச் சொல்லி எழுதினார். நான்தான் வாக்கைக் கொண்டு அவரைக் கட்டிப்போட்டேன். ஒன்று உனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்தபோது எல்லோரும் கண்ணை மூடியிருந்தீர்கள். என்னால் மூட முடியவில்லை. உன் அத்தானின் கால் மடங்கியது. அப்படியே குழிப் பக்கம் சாய்ந்தார். அங்கே கண் திறந்திருந்த இன்னொருவர் அவர்தான். ஓசைப்படாமல் பின்னால் வந்து இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆமென் சொல்லும்வரை அசையவில்லை. பிறகு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குப் போய் நின்றார். அவரோடு பேசு.

நான் ஆலயத்துக்குப் போவதில்லை. வகுப்பை வேறொருவர் எடுக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரும் சிறுமி தனியாக வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். நேராகக் கேட்டாள்.

"டீச்சர், பாப்பா இப்ப எங்க இருக்கா?"

இந்தக் கேள்விக்கு எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை அழகாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று, "எனக்குத் தெரியலடா கண்ணு. தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு" என்றேன்.

அவள் பயப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கேக்கலாமா?" என்றாள்.

அவள்தான் ஜெபித்தாள். சின்ன ஜெபம். பாப்பா எங்கே இருக்கிறாள், அங்கே விளையாட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆமென் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

லீவு கிடைக்கும்போது வா. முன்கூட்டி எழுத வேண்டாம்.

உன் அக்கா